ஆங்கிலச் சார்பு இணைப்புச்சொற்கள்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

'பிகாஸ்' என்றால் 'ஏனென்றால்', 'ஆல்தோ' என்றால் 'இருந்தாலும்' என்று பொருளை மனப்பாடம் செய்துவிட்டால் இந்தச் சொற்கள் வசப்பட்டுவிடும் என்றுதான் பலரும் நம்புகிறோம். பொருள் தெரிந்த பிறகும் வாக்கியம் கோணலாகவே வருகிறது. சிக்கல் பொருளில் இல்லை, இடத்தில் இருக்கிறது. தமிழில் இந்த வேலையை வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும் உருபு செய்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையை வாக்கியத்தின் தலையில் நிற்கும் ஒரு தனிச்சொல் செய்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைத்தவை. ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஓசையோடு சேர்ந்து பதியும்.

சார்பு இணைப்புச்சொல் என்றால் என்ன?

'இட் ரெய்ன்ட்' என்று ஒருவர் சொன்னால் மழை பெய்தது, செய்தி முடிந்தது. 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று சொல்லி நிறுத்தினால், அது 'மழை பெய்ததால்' என்று சொல்லி நிறுத்தியதைப் போன்றது. 'பெய்ததால் என்ன ஆயிற்று?' என்று கேட்பவர் காத்திருப்பார். இப்படிக் காத்திருக்க வைக்கும் சொல்தான் சார்பு இணைப்புச்சொல். அது முன்னால் வந்து நின்றதும், அதுவரை தன் காலில் நின்ற வாக்கியம் சார்பு வாக்கியமாகிவிடுகிறது. 'தி மேட்ச் ஸ்டாப்ட் பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று முதன்மை வாக்கியம் ஒன்று வந்து தாங்கிய பிறகே கருத்து நிறைவடைகிறது. பள்ளியில் கலவை வாக்கியம் என்று படித்தது இதைத்தான்.

காரணம் சொல்ல 'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்'. காலம் சொல்ல 'வென்', 'வைல்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்', 'ஒன்ஸ்'. நிபந்தனைக்கு 'இஃப்', 'அன்லெஸ்'. முரணுக்கு 'ஆல்தோ', 'தோ', 'ஈவன் தோ', 'வேர்ஆஸ்'. நோக்கத்துக்கு 'ஸோ தட்'. பிறர் கூற்றையும் எண்ணத்தையும் ஏந்திவர 'தட்', 'வெதர்'. அன்றாடப் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஏறக்குறைய இவையே போதும்.

'அண்ட்', 'பட்' ஆகியவையும் வாக்கியங்களை இணைக்கின்றனவே. அவை இதில் சேராதா?

சேராது. 'ஃபார்', 'அண்ட்', 'நார்', 'பட்', 'ஆர்', 'யெட்', 'ஸோ' ஆகிய 7 சொற்களும் இரண்டு வாக்கியங்களைச் சமமாக நிறுத்தி இணைப்பவை. அவை உருவாக்குவது தொடர் வாக்கியம். ஒரு சொல் எந்த வகை என்று தெரிய எளிய சோதனை உண்டு: இணைப்புச்சொல்லோடு வரும் பகுதியைத் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள். 'ஐ வென்ட் ஆல்தோ ஐ வாஸ் டயர்ட்' என்பதை 'ஆல்தோ ஐ வாஸ் டயர்ட், ஐ வென்ட்' என்று மாற்றலாம், பொருள் கெடாது. 'ஐ வாஸ் டயர்ட், பட் ஐ வென்ட்' என்பதை 'பட் ஐ வென்ட், ஐ வாஸ் டயர்ட்' என்று மாற்றினால் வாக்கியமே உடைந்துபோகிறது. இடம் மாற இசைவது சார்பு இணைப்பு, இசையாதது சம இணைப்பு.

தமிழில் இதற்கு நேரான சொற்கள் எவை?

சொற்களாகத் தேடினால் அதிகம் கிடைக்காது. 'பெய்ததால்', 'பெய்தால்', 'பெய்தாலும்', 'பெய்யும்போது', 'பெய்ததும்', 'பெய்வதற்குள்', 'பெய்யும்வரை' ஆகிய ஒவ்வொன்றின் முடிவையும் பாருங்கள். அந்த வால்தான் நம் இணைப்புச்சொல். இதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறோம்.

முதலாவது, இடம். தமிழில் சார்பு வாக்கியம் பெரும்பாலும் முன்னால் வரும், அதன் கடைசியில் உருபு நிற்கும். ஆங்கிலத்தில் சார்பு வாக்கியம் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ஆனால் இணைப்புச்சொல் மட்டும் எப்போதும் அதன் முதலில்தான் இருக்கும். 'இட் ரெய்ன்ட் பிகாஸ், தி மேட்ச் ஸ்டாப்ட்' என்று எழுதுபவர் 'பெய்ததால்' என்ற வாலை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டுகிறார். அதைவிட மோசம், அந்த வாக்கியம் வேறு பொருளைத் தந்துவிடுகிறது: ஆட்டம் நின்றதுதான் மழைக்குக் காரணம் என்றாகிவிடும்.

இரண்டாவது, எழுவாய். 'வீட்டுக்குப் போனதும் பேசினேன்' என்றால் போனது யார் என்று தமிழில் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஆஸ் சூன் ஆஸ் ரீச்ட் ஹோம்' என்று விட்டுவிட முடியாது. 'ஆஸ் சூன் ஆஸ் ஐ ரீச்ட் ஹோம், ஐ கால்ட் ஹிம்' என்று இரண்டு இடத்திலும் 'ஐ' வர வேண்டும்.

மூன்றாவது, வினை. தமிழில் வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரு வினைமுற்றுதான். மற்றவை எச்சங்களாகக் குறுகிவிடும். ஆங்கிலத்தில் இணைப்புச்சொல்லின் பின்னால் வரும் வினையும் காலம் காட்டும் முழு வினையாகவே நிற்கிறது. சார்பு இணைப்புச்சொல் ஒன்றை எழுதினால், அதன் பின்னால் ஓர் எழுவாயும் காலம் காட்டும் ஒரு வினையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் இந்த ஒரு பார்வையே பாதிப் பிழைகளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

'பிகாஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்கிறார்களே?

தாராளமாகத் தொடங்கலாம். 'பிகாஸ் தி ரோட் வாஸ் க்ளோஸ்ட், வி டர்ன்ட் பேக்' என்பது பிழையே இல்லாத வாக்கியம். தொடங்கிவிட்டு, முதன்மை வாக்கியம் வருவதற்குள் முற்றுப்புள்ளி வைத்துவிடுவதுதான் பிழை.

இந்தப் பிழை நம்மிடம் அதிகம் வருவதற்குக் காரணம் 'ஏனென்றால்' என்ற சொல் என்று நினைக்கிறேன். 'நான் வரவில்லை. ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை.' தமிழில் இவை இரண்டும் முழு வாக்கியங்கள், இடையில் முற்றுப்புள்ளி பொருத்தமானதே. அதை அப்படியே 'ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ வாஸ் சிக்.' என்று எழுதினால் இரண்டாவது துண்டு அந்தரத்தில் நிற்கிறது. முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு 'ஐ டிட் நாட் கம் பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்று எழுதினால் போதும். ஆகவே 'பிகாஸ்' என்பதற்கு 'ஏனென்றால்' என்று பொருள் எழுதிக்கொள்வதைவிட, '-ஆல்' என்ற உருபை அதன் இணையாக மனத்தில் வைப்பது நல்லது. 'ஏனென்றால்' முன்னால் வராது. '-ஆல்' வரும், 'பிகாஸ்' என்பதும் வரும்.

பேச்சில் மட்டும் ஒரு விலக்கு. 'வை ஆர் யூ லேட்?' என்று ஒருவர் கேட்டால் 'பிகாஸ் ஐ மிஸ்ட் தி ட்ரெய்ன்' என்று மட்டும் சொல்லலாம். முதன்மை வாக்கியம் அவர் கேள்வியிலேயே இருக்கிறது.

காற்புள்ளி எப்போது?

சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். 'ஆல்தோ', 'வேர்ஆஸ்', முரண் பொருளில் வரும் 'வைல்' ஆகியவை பின்னால் வந்தாலும் அவற்றின் முன்னே காற்புள்ளி இடுவது வழக்கம்.

ஓரிடத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 'ஹி டிட் நாட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்க்ரி' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. அவர் போகவே இல்லை, கோபம் அதற்குக் காரணம் என்று ஒன்று. போனார், ஆனால் கோபத்தால் அல்ல, வேறு காரணத்தால் என்று மற்றொன்று. 'பிகாஸ்' முன்னால் காற்புள்ளி இட்டால் முதல் பொருள் வலுப்படும். எதிர்மறை வினைக்குப் பின் 'பிகாஸ்' வரும்போதெல்லாம் நின்று, படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள். காற்புள்ளியை நம்புவதைவிட வாக்கியத்தையே மாற்றி எழுதுவது இன்னும் பாதுகாப்பானது.

'ஆல்தோ' என்று தொடங்கி 'பட்' என்று தொடர்வது ஏன் தவறு?

'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி வொர்க்ட்' என்று எழுதும்போது ஒரே முடிச்சை இரண்டு முறை போடுகிறோம். 'ஆல்தோ' தன் வாக்கியத்தைச் சார்பு வாக்கியமாக்கிவிட்டது; சமமாக நிறுத்தி இணைக்க 'பட்' என்பதற்கு அங்கே மறுபக்கம் இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'பிகாஸ்' என்று தொடங்கி 'ஸோ' என்று தொடர்வதும் இதே வகைப் பிழை. தமிழில் 'களைப்பாக இருந்தாலும், ஆனாலும் வேலை செய்தார்' என்று பேச்சில் அழுத்தத்துக்காக இரட்டிப்பது உண்டு. அந்தப் பழக்கம் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் 'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், ஹி ஸ்டில் வொர்க்ட்' என்று 'ஸ்டில்' சேர்க்கலாம். அது இணைப்புச்சொல் இல்லை, ஆகவே முடிச்சு இரட்டிக்காது.

'ஈவன் தோ', 'ஈவன் இஃப்' இரண்டும் ஒன்றுதானே?

தமிழிலிருந்து வருபவர்களுக்கு இது மிக நுட்பமான இடம். '-ஆலும்' என்ற ஒரே உருபு இரண்டு வேலைகளையும் செய்துவிடுகிறது.

'மழை பெய்தாலும் போனேன்.' மழை பெய்தது உண்மை. போனதும் உண்மை. ஆங்கிலத்தில் 'ஐ வென்ட் ஈவன் தோ இட் வாஸ் ரெய்னிங்.'

'மழை பெய்தாலும் போவேன்.' மழை பெய்யுமா என்று யாருக்கும் தெரியாது. பெய்கிறதென்றே வைத்துக்கொண்டாலும் என் முடிவு மாறாது. ஆங்கிலத்தில் 'ஐ வில் கோ ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ்.'

'பெய்தாலும்' என்ற சொல்லில் எந்த மாற்றமும் இல்லை. பின்னால் வரும் 'போனேன்', 'போவேன்' என்பவைதான் நமக்கு வேறுபாட்டைச் சொல்கின்றன. ஆங்கிலம் அந்த வேறுபாட்டை இணைப்புச்சொல்லிலேயே காட்டிவிடுகிறது. நடந்த ஒன்று, அல்லது உண்மை என்று தெரிந்த ஒன்று என்றால் 'ஈவன் தோ'. கற்பனை, சாத்தியம் என்றால் 'ஈவன் இஃப்'. 'ஈவன் தோ ஹி இஸ் ரிச்' என்றால் அவர் பணக்காரர் என்று நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்கள். 'ஈவன் இஃப் ஹி இஸ் ரிச்' என்றால் 'பணக்காரராகவே இருக்கட்டுமே' என்கிறீர்கள். ஒருவரைப் பற்றி எழுதும் கடிதத்தில் இந்த ஒரு சொல் மாறினால் கருத்தே மாறிவிடும்.

'இஃப்', 'வென்' பின்னால் 'வில்' வரக்கூடாது என்றால், சில இடங்களில் வருகிறதே?

'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்பது தவறு. 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' என்பதே சரி. எதிர்காலத்தை முதன்மை வாக்கியம் ஏற்கெனவே காட்டிவிடுவதால் காலத்தையும் நிபந்தனையையும் சொல்லும் சார்பு வாக்கியம் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகிறது. தமிழிலும் பாருங்கள், 'வரும்போது', 'வந்தால்', 'வந்ததும்' ஆகியவற்றில் 'வருவான்' என்ற எதிர்கால முற்று இல்லை. 'வந்தால்', 'வந்ததும்' இரண்டிலும் இருப்பதோ இறந்தகால வடிவம்! எதிர்காலச் செய்தியை எதிர்கால வடிவம் இல்லாமல் சொல்வது நமக்குப் பழகியதுதான்.

ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பது சரியான வாக்கியம். இங்கே குழம்பாமல் இருக்க வழி தமிழிலேயே இருக்கிறது. அந்த 'வென்' பகுதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எப்போது வருவான் என்று' என வந்தால் அது 'தெரியாது' என்ற வினைக்குச் செயப்படுபொருள்; அங்கே 'வில்' வரலாம். 'வரும்போது' அல்லது 'வந்ததும்' என வந்தால் அது காலத்தைக் காட்டுகிறது. அங்கே 'வில்' வராது.

'டெல் மீ வென் ஹி கம்ஸ்' என்றால் அவன் வந்ததும் என்னிடம் சொல். 'டெல் மீ வென் ஹி வில் கம்' என்றால் அவன் எப்போது வருவான் என்று சொல். இரண்டும் சரி, இரண்டும் வேறு.

'இஃப்' கதையும் இதேதான். 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' என்பது 'வருவானா என்று தெரியாது', ஆகவே 'வில்' பொருந்தும். இன்னொரு சிறு விலக்கு: 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட்' என்று பணிவாகக் கேட்கும்போது அந்த 'வில்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, 'காத்திருக்க இசைந்தால்' என்ற விருப்பத்தைக் குறிக்கிறது.

'வந்தால்' என்பதற்கு எப்போதும் 'இஃப்' போடலாமா?

எப்போதும் அல்ல. 'பொழுது விடிந்தால் தெரியும்' என்கிறோம். பொழுது விடியாமல் போகுமா என்ற ஐயம் அதில் இல்லை. நடப்பது உறுதி, எப்போது என்பதே பேச்சு என்றால் 'வென்'. நடக்குமா நடக்காதா என்பதே பேச்சு என்றால் 'இஃப்'. 'இஃப் தி சன் ரைசஸ்' என்று எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார்.

'அன்லெஸ்' பின்னால் 'நாட்' வருமா?

பெரும்பாலும் வராது, ஏனென்றால் அந்த 'இல்லாவிட்டால்' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நீ படிக்காவிட்டால் தேற மாட்டாய்' என்பதை 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி' என்று எழுதினால், 'படிக்காமல் இருந்தாலொழிய தேற மாட்டாய்' என்று தலைகீழாகிவிடும். 'யூ வில் நாட் பாஸ் அன்லெஸ் யூ ஸ்டடி' என்பதே சரி. 'அன்லெஸ்' என்பதற்கு 'ஒழிய' என்று பொருள் கொள்ளுங்கள்: 'படித்தாலொழிய தேற மாட்டாய்.' தமிழின் இந்தப் பழைய வடிவம் அதன்மேல் அச்சாகப் பொருந்துகிறது. அந்தச் சொல் பிறந்ததும் 'ஆன் லெஸ்' என்ற தொடரிலிருந்துதான். 'இதைவிடக் குறைந்த நிபந்தனையில் நடக்காது' என்பதே அதன் வேர்ப்பொருள்.

'வரை' என்பதற்கு 'அன்டில்' சரிதானே?

பாதி சரி. 'நீ வரும்வரை காத்திருப்பேன்' என்பதில் உன் வருகை ஒரு முடிவுப் புள்ளி. 'ஐ வில் வெயிட் அன்டில் யூ கம்.' ஆனால் 'உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்' என்பதில் உயிர் இருக்கும் காலம் முழுவதும் என்று பொருள். அங்கே 'அன்டில்' வராது. 'ஆஸ் லாங் ஆஸ் ஐ லிவ்' என்றுதான் வரும். 'வரை' புள்ளியைக் குறிக்கிறதா, நீளத்தைக் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'நீ சொல்லாத வரை போக மாட்டேன்' என்ற வடிவம்தான் அடுத்த பொறி. அதை 'ஐ வில் நாட் கோ அன்டில் யூ டோன்ட் டெல் மீ' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு 'நீ சொல்லும்வரை' என்பது போதும்: 'ஐ வில் நாட் கோ அன்டில் யூ டெல் மீ.' எதிர்மறை முதன்மை வாக்கியத்தில் ஒரு முறை வந்தால் முடிந்தது.

'சின்ஸ்', 'ஆஸ்', 'வைல்' ஆகியவற்றுக்கு ஏன் இரண்டிரண்டு பொருள்?

'சின்ஸ்', 'வைல்' இரண்டும் காலத்தைக் குறித்துத் தொடங்கி, பிறகு காரணத்துக்கும் முரணுக்கும் நகர்ந்த சொற்கள். 'ஆஸ்' ஒப்புமையில் தொடங்கி, காலத்துக்கும் காரணத்துக்கும் வந்த சொல். 'வைல்' என்பது முதலில் 'சிறிது நேரம்' என்ற பெயர்ச்சொல். 'ஃபார் எ வைல்' என்ற தொடரில் இன்றும் அப்படியே வாழ்கிறது. 'இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன' என்பதிலிருந்து 'இது இப்படி, அதுவோ அப்படி' என்ற முரணுக்கு வர அதிகத் தொலைவு இல்லை.

'சின்ஸ்' காலத்தைக் காட்டும்போது முதன்மை வாக்கியத்தில் வழக்கமாக 'ஹேவ்', 'ஹாஸ்' வரும்: 'ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் சின்ஸ் ஹி மூவ்ட்.' அவர் இடம் மாறியதிலிருந்து பார்க்கவில்லை. காரணமாக வரும்போது அது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தையே சொல்லும்: 'சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட் அஸ் பிகின்.' வந்துதான் விட்டீர்களே, தொடங்கலாம். 'வை?' என்ற கேள்விக்கு 'பிகாஸ்' என்றுதான் விடை தொடங்கும், 'சின்ஸ்' என்று தொடங்காது. புதிய காரணத்தைச் சொல்லும் வலிமை அதற்கு இல்லை.

'ஆஸ்' பற்றி என் கருத்து: காரணம் சொல்ல அதைத் தவிர்த்துவிடுங்கள். 'ஆஸ் ஹி வாஸ் லீவிங், ஐ லாக்ட் தி டோர்' என்றால் அவர் கிளம்பும்போது பூட்டினேனா, அவர் கிளம்பியதால் பூட்டினேனா என்று படிப்பவருக்குத் தெரியாது. காரணம் என்றால் 'பிகாஸ்' என்று தெளிவாக எழுதிவிடலாம்.

'என்று' என்பதை எப்படி ஆங்கிலமாக்குவது?

இந்தச் சிறு சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே விடை கிடையாது, அதனால்தான் இங்கே இவ்வளவு தடுமாற்றம். செய்தியைச் சுமக்கும் 'என்று' என்றால் 'தட்': 'ஐ நோ தட் ஹி இஸ் ரைட்.' பேச்சில் இந்தத் 'தட்' விடுபட்டாலும் தவறில்லை.

'வருவானா என்று' என ஆம்-இல்லைக் கேள்வியைச் சுமந்தால் 'இஃப்' அல்லது 'வெதர்'. இவற்றுக்குள்ளும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 'லெட் மீ நோ இஃப் யூ ஆர் கமிங்' என்பதை 'வருவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'வெதர்' போட்டால் வந்தாலும் சொல்ல வேண்டும், வராவிட்டாலும் சொல்ல வேண்டும். 'டு' முன்னால் 'வெதர்' மட்டுமே வரும்: 'வெதர் டு கோ.'

'எங்கே', 'எப்போது', 'ஏன்' ஆகிய கேள்விச்சொற்களோடு 'என்று' வந்தால், ஆங்கிலத்தில் அந்தக் கேள்விச்சொல்லே இணைப்பு வேலையையும் செய்துவிடும். 'எங்கே போகிறாய் என்று கேட்டார்' என்பதில் 'எங்கே', 'என்று' இரண்டும் இருப்பதால் நாம் 'ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்' என்று இரண்டையும் எழுதுகிறோம். சரியான வடிவம் 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' 'தட்' போயிற்று. அதோடு, கேள்வியில் முன்னால் தாவியிருந்த வினை மீண்டும் எழுவாய்க்குப் பின்னால் போய்விட்டது. நேர்க்கேள்வி 'வேர் இஸ் ஹி?', இன்னொரு வாக்கியத்துக்குள் போனதும் 'ஐ நோ வேர் ஹி இஸ்.' ஆங்கிலத்தில் நன்றாக எழுதுபவர்களிடமும் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும் பிழை இது. கேள்விக்குறி போட வேண்டிய வாக்கியமா என்று கேட்டுக்கொண்டால் பிடிபடும்.

'ஸோ தட்', 'ஸோ… தட்', 'இன் கேஸ்' ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சேர்ந்து நின்றால் பெரும்பாலும் நோக்கம்: 'ஹி ஸ்போக் ஸ்லோலி ஸோ தட் வி குட் அண்டர்ஸ்டாண்ட்.' எங்களுக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினார். பிரிந்து நின்றால் விளைவு: 'ஹி ஸ்போக் ஸோ ஸ்லோலி தட் வி லாஸ்ட் பேஷன்ஸ்.' நாங்கள் பொறுமை இழக்கும் அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

'இன் கேஸ்' முன்னெச்சரிக்கைக்கு உரியது. 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்தாலும் வரும், குடையை இப்போதே எடுத்துக்கொள். 'ஓப்பன் இட் இஃப் இட் ரெய்ன்ஸ்' என்றால் மழை வந்த பிறகு விரி.

'நோ சூனர்' வந்தால் பின்னால் என்ன வரும்?

'தேன்' வரும், 'வென்' வராது: 'நோ சூனர் ஹேட் ஹி சாட் டவுன் தேன் தி ஃபோன் ராங்.' 'ஹார்ட்லி' வந்தால்தான் 'வென்'. தேர்வுகளில் விரும்பிக் கேட்கிறார்கள். சொந்த எழுத்தில் 'ஆஸ் சூன் ஆஸ்' போதும்.

'டிஸ்பைட்', 'டியூரிங்', 'பிகாஸ் ஆஃப்' ஆகியவையும் சார்பு இணைப்புச்சொற்களா?

இல்லை. இவற்றின் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும், முழு வாக்கியம் வராது. 'பிகாஸ் இட் ரெய்ன்ட்', ஆனால் 'பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்'. 'வைல் ஐ வாஸ் ஸ்லீப்பிங்', ஆனால் 'டியூரிங் தி நைட்'. 'ஆல்தோ ஹி வாஸ் இல்', ஆனால் 'டிஸ்பைட் ஹிஸ் இல்னஸ்'. தமிழில் 'மழை பெய்ததால்', 'மழையால்' இரண்டிலும் அதே '-ஆல்' ஒட்டுவதால் இந்த எல்லை நம் கண்ணில் படுவதில்லை.

'பிகாஸ்' என்ற சொல் 'பை', 'காஸ்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது, 'காரணத்தால்' என்பதே அதன் உடல். அண்மைக்கால இணையப் பேச்சில் அதன் பின்னால் 'ஆஃப்' இல்லாமலே பெயர்ச்சொல்லைப் போடுகிறார்கள்: 'பிகாஸ் ரீசன்ஸ்.' இந்தப் புதுப் பழக்கத்துக்காகவே அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி 2013-ஆம் ஆண்டின் சொல்லாகப் 'பிகாஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தது. நண்பர்களோடு பேச அது சரி. விண்ணப்பத்திலும் தேர்விலும் வேண்டாம்.

'ஹவெவர்', 'தேர்ஃபோர்'?

இவை வினையடைகள். இரண்டு வாக்கியங்களை இவற்றால் கட்ட முடியாது. 'இட் வாஸ் லேட், ஹவெவர் வி வென்ட்' என்று காற்புள்ளியோடு ஒட்டாமல், 'இட் வாஸ் லேட். ஹவெவர், வி வென்ட்' என்று பிரித்து எழுத வேண்டும்.

சில நூல்கள் 'பிகாஸ்', 'ஆல்தோ' ஆகியவற்றை முன்னிடைச்சொற்கள் ('ப்ரெபொசிஷன்') என்கின்றனவே?

ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் ஆகியோரின் 2002-ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் அப்படித்தான் வகுக்கிறது. 'பிஃபோர் லஞ்ச்', 'பிஃபோர் ஹி கேம்' இரண்டிலும் 'பிஃபோர்' ஒன்றே, பின்னால் வருவது மட்டுமே வேறு என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பெயர் மாறுவதால் வாக்கியம் அமைக்கும் முறை மாறுவதில்லை. பள்ளிகளும் தேர்வுகளும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கின்றன.

நீளமான தமிழ் வாக்கியத்தை எங்கிருந்து ஆங்கிலமாக்கத் தொடங்குவது?

கடைசியிலிருந்து. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'வானம் இருண்டிருந்தாலும், மழை வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்ததால், குடை எடுக்காமல் கிளம்பினேன்.'

முதலில் வினைமுற்றைப் பிடியுங்கள்: 'கிளம்பினேன்.' அதுதான் முதன்மை வாக்கியம். 'ஐ லெஃப்ட் விதவுட் அன் அம்ப்ரெல்லா.' பிறகு பின்னோக்கி ஒவ்வொரு வாலாகத் தொட்டு வாருங்கள். 'நினைத்ததால்' என்பதன் '-ஆல்', 'பிகாஸ் ஐ தாட்' ஆகிறது. 'சேர்ந்துவிடலாம் என்று' என்பதன் 'என்று', 'தட் ஐ குட் கெட் தேர்' ஆகிறது. 'வருவதற்குள்' என்பதன் '-உள்', 'பிஃபோர் இட் ரெய்ன்ட்' ஆகிறது. எஞ்சியிருக்கும் 'இருண்டிருந்தாலும்' நடந்த உண்மை என்பதால் 'ஆல்தோ'. அதை முன்னாலேயே விட்டுவிடலாம்.

'ஆல்தோ தி ஸ்கை வாஸ் டார்க், ஐ லெஃப்ட் விதவுட் அன் அம்ப்ரெல்லா பிகாஸ் ஐ தாட் தட் ஐ குட் கெட் தேர் பிஃபோர் இட் ரெய்ன்ட்.'

முன்னாலேயே விட்ட 'ஆல்தோ' பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றின் வரிசையைப் பாருங்கள். தமிழில் மழை, சேர்தல், நினைத்தல், கிளம்புதல். ஆங்கிலத்தில் கிளம்புதல், நினைத்தல், சேர்தல், மழை. கண்ணாடியில் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றும் இடம் மாறி நிற்கிறது, ஒவ்வொரு வாலும் தலையாகியிருக்கிறது.